மறு: 'இயக்க மின்தூண்டல் உணரி' – 'சுருதி உணரி' என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். வானிலிருந்து வரும் மங்கலான ஒளியை அளக்கும் 'Kinetic Inductance Detector' என்ற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'இயக்க மின்தூண்டல் உணரி' என்றே வைத்துவிடலாம். மூலத்துக்கு நேரான சொல்.

கோவை அண்ணன் சொல்வதில் பிழை இல்லை. போன வாரம் திருப்பரங்குன்றத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "இதுல எது சார் இயங்குது?" என்று கேட்டாள். மீக்கடத்திக்குள், அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்குள், இணை இணையாகப் போகும் எலெக்ட்ரான்களின் நிலைமம்தான் (வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம்) அந்த 'இயக்க'. அதைச் சொல்லி முடிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

கருவியின் வேலையைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை. 0.1 கெல்வின் அளவுக்கு, அதாவது தனிச்சுழிக்குச் (−273 °C) சற்றே மேலே, குளிர்வித்த மெல்லிய மீக்கடத்திப் படலத்தில் ஓர் ஒத்ததிர்வுச் சுற்று; தனக்கென்று ஓர் அதிர்வெண் உள்ள மின்சுற்று. ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் எலெக்ட்ரான் இணைகள் சில உடையும். மின்தூண்டல் எண் (மின்னோட்டம் மாறுவதைச் சுற்று எதிர்க்கும் அளவு) கூடும், அதிர்வெண் இறங்கும். அந்த இறக்கத்தை அளந்தால் எவ்வளவு ஒளி விழுந்தது என்று தெரிந்துவிடும்.

இதை அவளுக்கு அடுப்படிப் பாத்திரங்களை வைத்தே காட்டினேன். ஆறு பீங்கான் கிண்ணங்களில் ஜலதரங்கம் போல வேறு வேறு அளவில் தண்ணீர் ஊற்றி, கரண்டிக் காம்பால் வரிசையாகத் தட்டினேன். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நாலாவது கிண்ணத்தில் மட்டும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி தட்டினேன். "நாலாவது இறங்கிருச்சு சார்" என்றாள், பார்க்காமலே.

இந்த உணரியின் சிறப்பே அதுதான். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி வைத்துவிட்டால் ஆயிரம் உணரிகளை ஒரே கம்பியில் கேட்கலாம். கம்பி குறைந்தால் அதன் வழியே உள்ளே நுழையும் வெப்பமும் குறையும். சேய்மை அகச்சிவப்பு (far-infrared) வானியலில் இது உயிர்நாடி. காற்றின் நீராவி அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் மேலே போயாக வேண்டும். போனாலும் தொலைநோக்கியின் கண்ணாடி சூடாக இருந்தால் அதன் சொந்த ஒளிர்வே மங்கலான வானத்தை மறைத்துவிடும். ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் 3.5 மீட்டர் கண்ணாடி ஏறத்தாழ 85 கெல்வினில் இருந்தது. 2013 ஏப்ரலில் உணரிகளைக் குளிர்வித்த ஹீலியம் தீர்ந்து அதன் கண்ணும் மூடியது. தொலைநோக்கியைச் சுமந்து பறந்த சோஃபியா விமானமும் 2022-இல் நின்றுவிட்டது. அடுத்து, 2024-இல் நாசா விரிவான ஆய்வுக்கு எடுத்த இரண்டு விண்வெளித் தொலைநோக்கித் திட்டங்களில் ஒன்று பிரைமா. கண்ணாடி 1.8 மீட்டர்தான், ஆனால் அதை 4.5 கெல்வின் வரை குளிர்விக்கத் திட்டம். அத்தனை குளிர்ந்த கண்ணாடி தரும் இருட்டுக்கு ஈடுகொடுக்க அவர்கள் நம்பியிருப்பது இந்த உணரியைத்தான்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐதராபாத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியையே பலூனில் ஏற்றி இந்த ஒளியைப் பார்த்தவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு இதற்கு நாம் ஒரு நல்ல சொல் வைக்காமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

> சுருதி என்றால் வேதம் என்றும் பொருள் உண்டே? வடசொல் வேறு.

அக்கா, வேதம் என்ற பொருள் நூலில் உண்டு. எங்கள் ஊரில் சுருதி என்றால் கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டிதான். வடசொல் என்பது உண்மை, அதை நானும் யோசித்தேன். பழந்தமிழில் இதற்குக் 'கேள்வி' என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் இன்று 'கேள்வி உணரி' என்றால் யாரும் வேறு எதையோ நினைப்பார்கள். 'அதிர்வெண் உணரி' என்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

'இயக்க மின்தூண்டல்' என்பதை அந்த இயற்பியல் பண்புக்கு மட்டும் வைத்துக்கொள்வோம், அங்கே அது சரி. கருவிக்கு நான் முன்வைக்கும் பதிவு:

சுருதி உணரி – ஒளி விழுந்தால் அதிர்வெண் இறங்கும் மீக்கடத்தி உணரி. பலவற்றின் தொகுதி: சுருதி உணரி அணி.