ஒன்பதாம் வகுப்பு மகனும் விடியற்காலை டியூஷனும்: இது சோம்பேறித்தனமா, வயதா?

மாதவரம் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அடுத்த மாதம் அவனுக்கு 14 வயது நிறைகிறது. வரும் ஆண்டு பொதுத்தேர்வு என்பதால் கணக்குக்கும் அறிவியலுக்கும் காலை ஐந்தரை மணி பேட்ச்சில் டியூஷன் சேர்த்திருக்கிறோம். அவனை ஐந்து மணிக்கு எழுப்புவதுதான் எங்கள் வீட்டின் அன்றாடப் போராட்டம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டாலும் பதினொன்றரை வரை புரண்டு கொண்டே இருக்கிறான். கைப்பேசியை முன்பே வாங்கி வைத்துவிடுகிறோம் என்பதால் பழியை அதன்மேல் போடவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் எழுவதே கிடையாது.

ஜூன் மாதம் வாங்கிய பள்ளி ஷூ தீபாவளிக்குள் கடிக்க ஆரம்பித்துவிட்டது. பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை என்று இருந்தவன் இப்போது குழம்பையே இரண்டு முறை ஊற்றிக்கொள்கிறான். எதைச் சொன்னாலும் "ஏன் கூடாது? காரணம் சொல்லுங்கள்" என்கிறான். இவையெல்லாம் போகட்டும் என்றால், சென்ற வாரம் மாநகரப் பேருந்தின் படிக்கட்டில் நண்பர்களோடு தொங்கிக்கொண்டு வந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். மாமனார் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சோம்பேறித்தனம், திமிர் என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார். இவற்றில் எது வயதின் இயல்பு, எதைக் கண்டிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அண்ணா நகர் குழந்தை மருத்துவர்:

சகோதரி, நீங்கள் எழுதியவற்றில் தூக்கம், ஷூ, பசி ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. படிக்கட்டு வேறு கணக்கு. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், குழந்தைப் பருவம் முழுவதும் ஏறக்குறைய அடக்கி வைத்திருந்த ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கத் தொடங்குவதோடு இந்த வளரிளம் பருவம் ஆரம்பமாகிறது. அந்த ஹார்மோன், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்எச், எஃப்எஸ்எச் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் ஆண்பிள்ளைகளின் விரைகளையும் பெண்பிள்ளைகளின் சினைப்பைகளையும் இயக்குகின்றன. பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் இது எப்போது தொடங்கினாலும் இயல்பே. உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெண்களுக்கு ஏறக்குறைய 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. அந்த உச்சத்தில் ஒரு பையன் ஆண்டுக்கு 9 முதல் 10 செ.மீ. வரை வளரக்கூடும். உங்கள் மகன் அந்த இடத்தில்தான் நிற்கிறான். கையும் பாதமும் முதலில் நீளும், பிறகு கால், கடைசியாக உடற்பகுதி. ஆகவே ஷூ முதலிலும் பேன்ட் அடுத்தும் போதாமல் போனது வரிசைப்படி நடந்ததுதான். எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் தாது படிவது சில மாதங்கள் பின்தங்கும் என்பதால், கிரிக்கெட் ஆடி விழுந்து முன்கை எலும்பு முறிந்து வரும் பையன்களை இந்த வயதில்தான் அதிகம் பார்க்கிறோம். கேழ்வரகு, பால், மோர், கீரை எதையும் விடாமல் கொடுங்கள். குழம்பை மூன்றாம் முறை ஊற்றிக்கொண்டாலும் விட்டுவிடுங்கள்.

இனித் தூக்கம். இருட்டியபின் மூளையில் சுரந்து உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின், இந்தப் பருவத்தில் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. நாள் முழுவதும் விழித்திருப்பதால் சேரும் தூக்க அழுத்தமும் சிறுவர்களுக்குச் சேருவதைப் போல விரைவாக இவர்களுக்குச் சேருவதில்லை. இரண்டும் சேர்ந்து, உறங்கும் நேரத்தை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தள்ளிவிடுகின்றன. விளக்கை அணைத்தபின் உங்கள் மகன் புரளும் ஒன்றரை மணி நேரத்தின் பெரும்பகுதி இதுதான். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். அவனுக்குக் கிடைப்பதோ ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை அவன் அடைப்பது அந்த வாரத்துக் கடன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் அதை ஒட்டி ஒரு சட்டமே இயற்றி, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. நம் ஊரில் அந்த நேரத்துக்குள் பிள்ளைகள் ஒரு டியூஷனை முடித்து, குளித்து, இட்லியைப் பாதி விழுங்கிவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள்.

வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை, படுத்த முதல் சில மணி நேரத்து ஆழ்ந்த உறக்கத்தில்தான் வருகிறது. அதற்காகத் தூக்கம் குறைந்தால் உயரம் நின்றுவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அவ்வளவு எளிதில் அது நிற்பதில்லை. அடி முதலில் விழுவது நினைவாற்றலிலும் மனநிலையிலும்தான். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், தூக்கத்தை வெட்டி டியூஷனுக்குக் கொடுப்பதில் லாபம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆவடி அப்பா:

டாக்டர் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் கலிபோர்னியாவில் சட்டம் இயற்றியதை வைத்துச் சென்னையில் குடும்பம் நடத்த முடியாது. இங்கே நல்ல கணக்கு ஆசிரியர் ஒருவர் கிடைப்பதே அரிது. அவரும் பகலில் எங்கோ வேலை பார்ப்பவராக இருப்பார். காலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், மாலை ஏழுக்கு ஒரு பேட்ச், இரண்டிலும் இடம் நிறைந்துவிடும். மாலை பேட்ச்சில் சேர்த்தால் பிள்ளை வீடு திரும்ப ஒன்பது மணி, சாப்பிட்டு வீட்டுப்பாடம் முடிக்கப் பதினொன்று. அப்போது மட்டும் தூக்கம் எங்கிருந்து வரும்? என் இரண்டு பிள்ளைகளும் காலை டியூஷனில் படித்துத்தான் கரையேறினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "மூளை 25 வயதில்தான் முழுமையடைகிறது" என்ற வாட்ஸ்அப் செய்தியை என் இளையவனே எனக்கு அனுப்பி, தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கு அதைக் காரணம் காட்டினான். எல்லாவற்றுக்கும் ஹார்மோன், மூளை என்று நாமே எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகளிடம் பொறுப்பு என்று எதைக் கேட்பது?

சைதாப்பேட்டை அறிவியல் ஆசிரியை:

ஆவடி ஐயாவின் இரண்டாம் பத்தியோடு எனக்கு உடன்பாடு உண்டு. 1990களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்பவரின் குழுவினர் அதே பிள்ளைகளை ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியில், நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் நிறப்பொருள் வளரிளம் பருவத்தின் தொடக்கம்வரை கூடி, அதன்பின் மெல்லக் குறைவது அதில் தெரிந்தது. பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுவதும், எஞ்சிய நரம்பு இழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை ஏறிச் செய்திகள் விரைவாகப் பாய்வதும் அதற்கான விளக்கமாகச் சொல்லப்படுகின்றன. திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் இந்த முன்பகுதியில் இந்த வேலை இருபதுகளிலும் தொடர்கிறது என்பது உண்மை. ஆனால் 25 என்ற எண்ணுக்குத் தனிப் புனிதம் எதுவும் இல்லை. பிறந்தநாளன்று மாறும் பொருளும் அல்ல அது. சென்னைப் பிள்ளைகளான பிரக்ஞானந்தாவும் குகேஷும் 12 வயதிலேயே சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு 18 வயது. பழகிய துறையில், அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது, இந்த வயதுக்காரர்களின் சிந்தனை பெரியவர்களுக்குச் சளைத்ததல்ல.

எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஒருமுறை ஆடி முடிக்க ஆகும் நேரம் எதைப் பொறுத்தது என்று கேட்பேன்: நூலின் நீளமா, எடையா, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதா? பலர் நூலையும் குட்டையாக்கி, கூடவே இன்னொரு நட்டையும் கோத்துவிட்டு, "எடை கூடினால் வேகம் கூடும், மிஸ்" என்று அடித்துச் சொல்வார்கள். அப்போது எங்காவது ஒரு மூலையிலிருந்து, "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதனாலன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு குரல் வரும். உளவியலாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும் பிள்ளைகளின் சிந்தனையை ஆராயப் பயன்படுத்திய சோதனைதான் இது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது, கண்ணெதிரே இல்லாத சாத்தியங்களை மனத்தில் வரிசைப்படுத்தத் தெரிந்தால்தான் தோன்றும். பியாஜேயின் கணக்கில் இது 11, 12 வயதில் தொடங்குகிறது. எல்லாருக்கும் ஒரே வயதிலும் எல்லாப் பாடங்களிலும் வந்துவிடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின; என் வகுப்பும் அதைத்தான் காட்டுகிறது.

"காரணம் சொல்லுங்கள்" என்று உங்கள் மகன் கேட்பதும் அதே திறனின் வெளிப்பாடு, அம்மா. வேறு விதமாகவும் இருக்கலாமே என்று யோசிக்கத் தெரிந்துவிட்டால், வீட்டு விதிகளில் உள்ள ஓட்டைகள்தான் முதலில் கண்ணில் படும். அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன் கைப்பேசி கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் கேள்வி வரத்தான் செய்யும். காரணம் இருக்கும் விதிக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணமே இல்லாத விதியைக் கைவிட்டுவிடுங்கள். அந்தக் குட்டைப் பேன்ட்டையும் உடனே மாற்றிக் கொடுங்கள். ஊரே தன்னைப் பார்ப்பதாக இந்த வயதில் தோன்றும் எண்ணத்தை டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967லேயே விரிவாக எழுதியிருக்கிறார். கணுக்கால் தெரிய வகுப்புக்கு வருவது நமக்கு அற்பம், அவனுக்கு அன்றைய நாளின் பெரும் துயரம்.

படிக்கட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே ஆபத்து என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கேட்டால் நம்மைவிட நன்றாக விளக்குவான். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் எடுத்த துணிச்சல் வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. தனியாக வரும்போது ஓட்டுநர் அருகில் பையை அணைத்துக்கொண்டு நிற்கிற பையன், நான்கு பேர் சேர்ந்தால் படிக்கட்டில் தொங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அறிவுரையைக் கூட்டிப் பயனில்லை, சூழ்நிலையை மாற்றுங்கள். பள்ளி விட்டதும் நெரிசலான அந்த வண்டியைத் தவிர்க்கச் சொல்லலாம், சில மாதங்களுக்குச் சைக்கிளில் அனுப்பலாம், மற்ற மூன்று பேரின் பெற்றோரோடும் பேசி ஒரே விதியை எல்லா வீட்டிலும் வைக்கலாம். மூன்றாவதுதான் கடினம், அதற்குத்தான் பலனும் அதிகம்.

மாதவரம் அம்மா:

மிக்க நன்றி. டியூஷன் ஆசிரியரிடம் பேசினேன். சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பேட்ச் இருப்பதாகவும், வார நாட்களில் ஒரு மாலை மட்டும் வந்தால் போதும் என்றும் சொன்னார். மாமனார் இன்னும் சமாதானமாகவில்லை. டாக்டரிடம் வேறு இரண்டு கேள்விகள். மகனின் நண்பன் ஒருவனுக்கும் 14 வயதாகிறது. குரலும் உடையவில்லை, உயரமும் இல்லை, அவன் அம்மா கேட்கக் கூச்சப்படுகிறார். என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள். நிறுத்திவிடலாமா?

அண்ணா நகர் குழந்தை மருத்துவர்:

முதலில் ஆவடி ஐயாவுக்கு. காலை பேட்ச் தவிர வேறு வழியே இல்லாத வீடுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் இரவு ஒன்பது மணியிலிருந்தே வெளிச்சத்தைக் குறைத்து, காலையில் எழுந்ததும் மொட்டை மாடி வெயிலில் சிறிது நேரம் நிற்க வைத்தால் உடலின் உள் கடிகாரம் ஓரளவு முன்னே நகரும். ஞாயிறு காலையில் எழும் நேரத்தை மற்ற நாட்களைவிட ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமலிருப்பதும் உதவும்.

அந்த நண்பனின் விஷயத்தில், குரல் உடைவது சற்றுப் பிந்தி வரும் மாற்றம்; ஆண்பிள்ளைகளுக்கு முதல் அறிகுறி விரைகள் பெரிதாவதுதான். 14 வயது நிறைந்தும் அது தொடங்கவில்லை என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 13 வயதுக்குள் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதுக்குள் மாதவிடாய் வராவிட்டாலும் அப்படியே. பெரும்பாலான பையன்களுக்கு இது வெறும் தாமதமாகவே இருக்கும். அப்பாவோ மாமாவோ கல்லூரிக்குப் போனபின் வளர்ந்த கதை அந்த வீட்டில் ஒன்று இருக்கும். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு வளர இடமிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதுவரை உயரம் கூட்டும் பவுடர் எதையும் வாங்க வேண்டாம் என்று அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலேயே காட்டலாம்.

மகளின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாய் தொடங்கும் வயதில் தேவை இன்னும் கூடும். வெறும் வயிற்றில் விழுங்குவதால்தான் பெரும்பாலும் புரட்டும். மதியம் சாப்பிட்டபின் தண்ணீரில் விழுங்கட்டும். அதை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, பால் வேண்டாம். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள்.