புதுப்பிப்பு: அப்பா அம்மா பாலிசியை விடுவதா, தொடர்வதா?

அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அரசு மருத்துவமனை இருக்கிறதே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அங்குள்ள டாக்டர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் அப்பாவுக்கு ஒரு ஸ்கேனுக்குத் தேதி வாங்கவே அலைய வேண்டியிருந்தது, கூட்டம் அப்படி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என்னைப் போல அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

சரி, செய்தது இதுதான். பழைய பாலிசியின் காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 3 லட்சமாகக் குறைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப் (ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் செலவை மட்டும் ஏற்கும் கூடுதல் பாலிசி) எடுத்தேன். வெறும் டாப்-அப் வேண்டாம், அது ஒவ்வொரு கிளைமையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், சூப்பர் டாப்-அப்பில் அந்த வருடச் செலவு மொத்தமும் கூட்டிக் கணக்காகும், வயதானவர்களுக்கு அதுதான் முக்கியம். பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுத்திருந்தால், அப்பாவின் சர்க்கரை நோய்க்கு கிளைம் கிடைக்க மறுபடி 3 வருடம் வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். இப்போது எடுத்த சூப்பர் டாப்-அப்புக்கு அந்தக் காத்திருப்பு உண்டு, அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18% ஜிஎஸ்டி இல்லை என்பதும் கைகொடுத்தது. அறுபது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் கேட்க வேண்டும். அந்தப் பத்து சதவீதமே வருடா வருடம் ஏறினால் எப்படிக் கட்டுவது? அரசு ஊழியரல்லாத நடுத்தரக் குடும்பத்தில் யாராவது வேறு வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.