நேபாள மருத்துவ நூலகத்துக்கு 6 கட்டுரைகள் தேவை
நூலகர் நண்பர்களுக்கு வணக்கம். நேபாளத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகம் 1980களில் வந்த 6 கட்டுரைகளைத் தேடுகிறது. வருமானம் குறைந்த நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இணையத்தில் தரும் ஹினாரி திட்டத்தில் நேபாளம் ஏ பிரிவு (கட்டணமில்லாத) நாடு என்பதால் அது அங்கே இலவசம்தான். ஆனால் பல இதழ்களின் பழைய தொகுதிகள் அதில் கிடையாது. (பதிப்பகத் தளத்துக்கு நேரே போனால் பணம் கேட்கும், ஹினாரி அடங்கிய ரிசர்ச்4லைஃப் இணைய வாசல் வழியாகத்தான் போகணும். அதையும் பார்த்தாயிற்று.)

பைண்டு செய்த பழைய தொகுதிகள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), தொகுதி, பக்க எண் அனுப்புகிறேன். ஸ்கேன் செய்து அனுப்ப 300 டிபிஐ (படத் துல்லியம்), கிரேஸ்கேல் (கறுப்பு-சாம்பல்-வெள்ளை) போதும். தையல் ஓரம் இருட்டடித்து எழுத்தை விழுங்கும். அதற்காக அழுத்தினால் புத்தகத்தின் முதுகு பிரிந்துவிடும். மேலிருந்து எடுக்கும் ஸ்கேனர் இருந்தால் உத்தமம்.

மின்னிதழ் பிடிஎஃப் என்றால், வெளிநாட்டு நூலகத்துக்கு அனுப்ப உரிம ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்ப மட்டுமே அனுமதி.