சதுரத்தைச் செவ்வகம் என்றால் தப்பா?

கானாடுகாத்தான் ஆச்சி:
பேத்தி ஆறாம் வகுப்பு. கணக்குத் தேர்வில் 'எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே: சரியா, தவறா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'சரி' என்று எழுதினாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். ஒரு மார்க் பெரிதில்லை, ஏன் தப்பு என்று கேட்டு உயிரை எடுக்கிறாள். யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
டீச்சர் போட்டதுதான் சரி ஆச்சி. செவ்வகம் என்றால் நீளம் வேறு, அகலம் வேறு. நாலு பக்கமும் ஒன்றானால் சதுரம். ஆத்தங்குடிக்குப் போய் செவ்வகத் தரைக்கல் கேட்டு, எட்டுக்கு எட்டு அங்குலக் கல்லை வண்டியில் ஏற்றினால் சும்மா இருப்பீர்களா?

தேவகோட்டை வாத்தியார்:
கடைப் பேச்சு வேறு, கணக்கு வேறு தம்பி. நான்கு கோணமும் செங்கோணமாக உள்ள நாற்கரம் செவ்வகம். பக்கங்கள் சமமாக இருக்கக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? சதுரத்தின் நான்கு கோணமும் 90 பாகை, அதனால் அது செவ்வகம். நான்கு பக்கமும் சமம், அதனால் சாய்சதுரமும்கூட. பிள்ளைக்கு மார்க் வந்தாக வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
சாய்சதுரமுமா! பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிடே இதை ஒப்பமாட்டார் சார். அவருடைய வடிவியல் நூல் 'எலிமென்ட்ஸ்', முதல் புத்தகம், 22ஆவது வரையறை. சதுரம் தனி. கோணம் செங்கோணமாக இருந்தும் பக்கம் சமமில்லாதது நீள்சதுரம், அது தனி. சாய்சதுரத்துக்குச் செங்கோணமே கிடையாது என்கிறார்.

தேவகோட்டை வாத்தியார்:
அவர் பிரித்தது உண்மைதான். இருசமபக்க முக்கோணத்துக்கும் 'இரண்டு பக்கம் மட்டும் சமம்' என்றுதான் எழுதினார். இப்போது கணக்கில் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். காரணம் சோம்பல், அதுவும் நல்ல சோம்பல். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒரு தடவை நிரூபித்தால் சதுரத்துக்கும் சேர்த்து வேலை முடிந்தது. சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும், அதுவும் சதுரத்துக்குச் சும்மா கிடைக்கிறது. உங்கள் வழியில் போனால் எல்லாவற்றையும் சதுரத்துக்கு மறுபடி நிரூபித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆத்தங்குடி கல்வேலை:
என் பிழைப்பை இழுத்ததால் வருகிறேன். கண்ணாடி மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே வண்ணக் கலவை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவோம். சட்டம் கொஞ்சம் கோணிக்கொண்டாலும் நாலு பக்கமும் எட்டு அங்குலமாகத்தான் இருக்கும். மூலைக்கு மூலை அளந்தால் குட்டு வெளிப்படும்: ஒன்று 11.5 அங்குலம், மற்றது 11.1. நல்ல கல்லில் இரண்டும் 11.3 வரும். கோணல் கல்லைப் பதித்தால் நாலு வரிசை போவதற்குள் பூ ஒன்றோடொன்று சேராது, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடுவில் நின்று பார்த்தாலே தெரியும். அதனால் பக்கமும் பார்ப்போம், மூலையும் பார்ப்போம். வாத்தியார் சொல்கிற சாய்சதுரமும் செவ்வகமும் ஒரே கல்லில் சேர்ந்தால்தான் எங்களுக்குச் சதுரம். தரைக்கு மூலை எடுக்கும்போதும் 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்துத்தான் நூல் கட்டுவோம்.

பள்ளத்தூர்க்காரன்:
அண்ணே, நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன்! சரி, ஆறாம் வகுப்புக்கு இவ்வளவும் தேவையா? முதலில் பார்த்ததும் பெயர் சொல்லட்டும். இப்போதே குழப்பினால் சதுரப் படத்துக்குக் கீழே 'செவ்வகம்' என்று எழுதி வைக்கும்.

தேவகோட்டை வாத்தியார்:
படத்துக்குச் சதுரம் என்றுதான் எழுத வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் காரைக்குடி என்போம், சிவகங்கை மாவட்டம் என்று நிறுத்தமாட்டோம். அதற்காகக் காரைக்குடி அந்த மாவட்டத்தில் இல்லை என்றாகிவிடுமா? ஆச்சி, செவ்வகத்துக்கு வகுப்பில் என்ன எழுதிப் போட்டார்கள் என்று பேத்தி நோட்டில் பாருங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:
பார்த்துவிட்டேன். எதிர்ப்பக்கங்கள் சமம், நான்கும் செங்கோணம். அவ்வளவுதான் இருக்கிறது. சதுரத்திலும் எதிர்ப்பக்கம் சமம்தானே?

பள்ளத்தூர்க்காரன்:
அடுத்தடுத்த பக்கங்கள் சமமில்லை என்று ஒரு வரி விட்டுப்போயிருக்கும் ஆச்சி.

கானாடுகாத்தான் ஆச்சி:
விட்டவர்களுக்கு அல்லவா மார்க் குறைக்க வேண்டும்? திங்கட்கிழமை நோட்டோடு போய்க் கேட்கிறேன்.

பள்ளத்தூர்க்காரன்:
போங்கள். அப்படியே, எதிர்ப்பக்கங்கள் இரண்டு ஜோடியும் இணையான இணைகரத்தை, ஒரு ஜோடி இணையான சரிவகம் என்று சொல்லலாமா என்றும் கேட்டு வாருங்கள். அதில் வாத்தியார்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது.