பக்கவாதம் வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மூத்தவள்
அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, வலது கை தூக்க வரல. பார்த்ததுமே புரிஞ்சு போச்சு, உடனே கிளம்பிட்டோம். நேரத்தோட போய்ச் சேர்ந்தோம், அதனாலதான் மனசு ஆறவே மாட்டேங்குது. பெரிய அரசு ஆஸ்பத்திரி. சிடி ஸ்கேன் அறை வாசல்ல ஸ்ட்ரெச்சர் நிக்குது, கதவுக் கண்ணாடி வழியா மெஷின் தெரியுது. அதை ஓட்டுறவர் காலையிலதான் வருவாராம். அப்பா இடது கையால வலது கையை எடுத்து மார்மேல வெச்சுக்கிறார், அது நழுவி விழுது, மறுபடி எடுத்து வெக்கிறார். டாக்டர் நல்லவர். "ஸ்கேன் பார்க்காம ஊசி போட முடியாதும்மா, உள்ள ரத்தக்கசிவா இருந்தா உயிருக்கே ஆபத்து"ன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனா ரத்தக்கட்டியைக் கரைக்கிற அந்த ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட வேண்டியதாச்சே. மருந்து இருக்கு, மெஷின் இருக்கு, ராத்திரிக்கு ஆள் இல்ல. அந்த ஆளைப் போட வேண்டியது யாரு?

இரவுப்பணி
நான் வார்டு நர்ஸ். ஆள் கேட்டு ஆஸ்பத்திரியில இருந்து எழுதிப் போடாமலா இருப்பாங்க? பணியிடம் ஒதுக்க வேண்டியது அரசாங்கம்.

என் மனசுல நிக்கிறது வேற. ஒரு தாத்தா, ஊசி போட்டு நல்லா தேறிட்டு வந்தார். பொது வார்டுக்கு மாத்தினாங்க. மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணி குடிச்சார். இருமல் வரல, குரல் மட்டும் களகளன்னு மாறுச்சு. தண்ணி நுரையீரலுக்குப் போயிருக்கு. அப்புறம் நிமோனியா, காப்பாத்த முடியல. விழுங்க முடியுதான்னு பார்த்துட்டுத்தான் வாய் வழியா எதுவும் தரணும்னு எல்லா வழிகாட்டுதல்லயும் இருக்கு. அந்த வார்டுல அதுக்குப் பயிற்சி எடுத்தவங்க ஒருத்தரும் இல்ல. பக்கவாதத்துக்குன்னு தனி வார்டு இருந்தா சாவு குறையும்னு பல வருஷ ஆய்வுகள் காட்டுது. அங்க பெரிய மெஷின்கூட வேண்டியதில்ல. விழுங்குறது, சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் இதையெல்லாம் விடாம பார்க்கிற ஒரே குழு போதும்.

தம்பிக்காக
என் தம்பிக்கு வந்தது, பிழைச்சுட்டான், கால் மட்டும் இழுக்குது. அவசரப் பிரிவுல பேர், வயசு, முகவரி எழுதி முடிக்கிற வரைக்கும் அவனை யாரும் தொடல. அந்தப் பேனா நகர்ந்ததுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மூத்தவள் அக்கா, ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டா மட்டும் தீராது. பின்லாந்துல ஹெல்சின்கி ஆஸ்பத்திரியில 1998-ல நோயாளி வாசலுக்கு வந்து ஊசி ஏற 105 நிமிஷம் ஆச்சு. 2011-ல 20 நிமிஷம். ஆம்புலன்ஸ்ல இருந்தே போன் போகும், பழைய மருத்துவக் குறிப்பை முன்னாடியே எடுத்து வெச்சிருப்பாங்க, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோட நேரா ஸ்கேனுக்கு, அந்த மேஜையிலேயே ஊசி. பெரும்பாலும் வேலை செய்யுற வரிசையை மாத்தினதுதான். இதை எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டாயம்னு ஆக்கி, நிமிஷக் கணக்கை வெளியிடச் சொல்ல அரசாங்கத்தாலதான் முடியும்.

எல்லாரும் இதையும் குறிச்சு வெச்சுக்கோங்க. முதல்ல, கடைசியா நல்லா இருந்ததை யாரு, எத்தனை மணிக்குப் பார்த்தாங்கன்னு எழுதுங்க, டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களா, கடைசி வேளை எப்போன்னும் சொல்லணும். மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. ஸ்கேனுக்கு முன்னாடி ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, கசிவா அடைப்பான்னு வெளியில இருந்து யாராலும் சொல்ல முடியாது. கை கால் தானா சரியாயிடுச்சுன்னாலும் வீட்டுல இருக்காதீங்க, அடுத்த சில நாள்லயே பெருசா வரலாம்.

விடியற்காலை
தம்பிக்காக, நேரம் எழுதச் சொல்றீங்க, எங்கம்மா தூங்கி எழுந்தப்பவே பேச்சு குழறிடுச்சு. எந்த நேரத்தை எழுதுறது? டாக்டர் கேட்டார், ராத்திரி படுக்கும்போது நல்லா இருந்தாங்கன்னேன். கையில இருந்த தாளைத் திருப்பி வெச்சுட்டு "நேரம் தாண்டிடுச்சு"ன்னார். அம்மா என்னையே பார்த்துட்டு இருந்தாங்க, அவங்களுக்கு எல்லாம் புரியுது.

அப்புறம்தான் படிச்சேன். எப்ப வந்துச்சுன்னு தெரியாதவங்களுக்கும் எம்ஆர்ஐ பார்த்துத் தேர்ந்தெடுத்து ஊசி போடலாம்னு 2018-லயே ஆய்வு வந்திருக்கு. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பா இருந்தா சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட அந்த ரத்தக்கட்டியை வெளிய எடுக்கலாம்னு காட்டினதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். அம்மா அதுல வந்திருப்பாங்களான்னு ஸ்கேன் பார்த்தாதானே தெரியும்? பார்க்கவே இல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினா மட்டும் போதாது. அதுல தெரிய வந்ததை அவசரப் பிரிவு மேஜைக்குக் கொண்டு வந்து சேர்க்கிறதும் அரசாங்கத்தோட வேலைதான்.

சைரன்
ஆம்புலன்ஸ்ல போறவன் நான். எங்களுக்கு உத்தரவு, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி. ஒரு அம்மாவை ஏத்தினோம், இடது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு. கொஞ்சம் தள்ளிப் போனா ரத்தக்கட்டியை எடுக்கிற ஆஸ்பத்திரி இருக்கு, எனக்குத் தெரியும். வண்டி முதல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புச்சு. அந்த அம்மாவோட மகன் "இங்க பார்ப்பாங்கல்ல அண்ணே?"ன்னு கேட்டான். பதில் சொல்லல நான்.

லண்டன்ல 2010-ல மாத்தினாங்க. சுமார் 30 ஆஸ்பத்திரி பார்த்துட்டு இருந்ததை 8 அவசர பக்கவாத மையமாக்கி, சந்தேகப்பட்ட எல்லாரையும் நேரா அங்கேயே கொண்டு போகச் சொன்னாங்க. சாவு குறைஞ்சுது. எந்த வண்டி எங்க போகணும்னு நான் முடிவு பண்ண முடியாதுங்க. மேல இருந்து உத்தரவு வரணும்.

நிலா வீடு
எல்லாரும் முதல் நாளையே பேசுறீங்க. என் வீட்டுக்காரருக்கு உயிர் பிழைச்சாச்சு, பேச்சுதான் போயிடுச்சு. எல்லாம் புரியும், வாய்ல "சரி சரி" மட்டும்தான் வரும். பசிச்சாலும் சரி சரி, வலிச்சாலும் சரி சரி. மகளோட பேரைச் சொல்ல முயற்சி பண்ணி, அதுவும் "சரி"ன்னே வந்ததும் மேஜையை ஓங்கி அடிச்சார்.

ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் பேச்சுப் பயிற்சி கொடுத்தாங்க, முன்னேற்றமும் தெரிஞ்சுது. டிஸ்சார்ஜ் சீட்டுல "பயிற்சி தொடரவும்"னு இருக்கு, எங்கன்னு இல்ல. மாசக்கணக்கா ஆனவங்களுக்கும் தொடர்ந்து கொடுத்தா பேச்சு தேறும்னு அந்தப் பயிற்சி கொடுத்தவங்களே சொன்னாங்க. அரசு ஆஸ்பத்திரியில வெளிநோயாளியா இது கிடைச்சவங்க இருக்கீங்களா? யார்கிட்ட மனு கொடுத்தீங்க, எந்தப் பிரிவுல கேட்டீங்கன்னு சொல்லுங்க.