பாலிசைத்தீமியா வெரா வந்த பிறகு பந்து விளையாடலாமா?

சிப்புட் பந்துக்காரன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன், வயது நாற்பது. ஓயாத தலைவலி, முகமெல்லாம் சிவப்பு என்று போய்ப் பார்த்ததில் பாலிசைத்தீமியா வெரா என்றார்கள், அதாவது சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உருவாகி இரத்தம் கெட்டியாகும் நோய். இதற்கான ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் பாசிட்டிவ். சிவப்பணுக்களைக் குறைக்க அவ்வப்போது இரத்தம் எடுக்கிறார்கள், ஆஸ்பிரினும் உண்டு. அம்மா என்னைத் திடல் பக்கமே விடுவதில்லை, இரத்த வியாதி வந்தவன் ஓடக்கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை பந்து இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. தைப்பூசத்துக்கு அலகு குத்துவதாக வேண்டுதல் வேறு. இதே நோய் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளுவாங் அக்கா:
தம்பி, எனக்கும் இதேதான், பல வருடமாக. விடிந்ததும் நடக்கப் போகிறேன், வீட்டுக்குப் பின்னால் கீரை போடுகிறேன். முடங்கிக் கிடப்பதுதான் நமக்குக் கெடுதல், கெட்டியான இரத்தம் காலில் உறைய அதுவே போதும். ஒவ்வொரு முறையும் ஹெமாடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள், 45 சதவிகிதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். இத்தாலியில் 365 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது, 45-இலிருந்து 50 வரை விட்டவர்களுக்கு இரத்தக்கட்டியும் இதயச் சாவும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நம் வெயிலில் வியர்த்து ஊற்றும், உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த எண் ஏறும், அதனால் தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். இரத்தம் எடுத்த அன்று ஓட்டம் வேண்டாம். குளித்ததும் உடம்பு அரிக்கிறதா? அதுவும் இந்த நோய்தான், சுடுதண்ணீரை விட்டதும் எனக்குக் குறைந்தது. அப்புறம், சோர்வாக இருக்கிறதென்று நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள், இரத்த அணுக்கள் மறுபடி ஏறிவிடும்.

தாதி பேராக்:
இந்த நோயில் மண்ணீரல் வீங்கலாம், வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்களா? அது தெரியாமல் பந்து ஆடாதீர்கள் அண்ணா. வீங்கிய மண்ணீரலில் ஒரு முழங்கை பட்டால் கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டும். வீக்கம் இருந்தால் நடை, நீச்சல் போதும். அலகுக்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் பால்குடம் எடுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வார். இன்னொன்று, காய்ச்சல் வந்தால் டெங்கியாக இருக்கலாம், ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும், அன்றே கிளினிக் போய் அதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் நேரே அவசரப் பிரிவு.

சிப்புட் பந்துக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி தங்கச்சி. மண்ணீரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அடுத்த அப்பாயின்மெண்டில் கேட்கிறேன். அதுவரை திடலைச் சுற்றி நடை மட்டும். அம்மாவையும் கூட்டிப் போகிறேன், டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவார்.