ஐந்து உயிரெழுத்தும் ஒரே ஒரு முறை வரும் நீளமான ஆங்கிலச் சொற்கள் – பொருளோடு வேண்டும்

கேள்வி – மாலைவகுப்பு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் போட்டி. ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் சொல்லில் இருக்க வேண்டும், எதுவும் இரண்டு தடவை வரக்கூடாது. எஜுகேஷன், சீகோயா, காலிஃபிளவர் எல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். பத்து எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொற்கள் வேண்டும், பொருளும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலில் மிசலேனியஸ், அன்க்வெஸ்சனப்ளி எல்லாம் இருக்கின்றன. நம்பலாமா?

பதில் – சொல்வேட்டை

அந்த இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். மிசலேனியஸில் இ இரண்டு முறை வருகிறது. அன்க்வெஸ்சனப்ளியில் யூ இரண்டு: முன்னொட்டில் ஒன்று, க்யூவுக்குப் பின்னால் ஒன்று. க்யூ கிட்டத்தட்ட எப்போதும் யூவை இழுத்துக்கொண்டுதான் வரும். அதனால் 'அன்' என்று தொடங்கும் சொல்லுக்குள் க்யூவைப் பார்த்தாலே தள்ளிவிடலாம்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடச் சொல்லின் சட்டத்தைப் பிடிப்பது மேல். 'ஏஷன்' என்று முடியும் சொற்களில் வால் பகுதியே ஏ, ஐ, ஓ மூன்றையும் கொடுத்துவிடுகிறது. முன்பகுதியில் இ ஒன்று, யூ ஒன்று இருந்தால் போதும். பெர்முடேஷன் (11 எழுத்து): வரிசைமாற்றம், பிள்ளைகள் கணக்கில் படிப்பதுதான். மென்சுரேஷன் (11): நீளம், பரப்பு, கன அளவு காணும் கணக்கு. பெர்டர்பேஷன் (12): மனக்கலக்கம், வானியலில், ஒரு கோளின் பாதை இன்னொன்றின் ஈர்ப்பால் சற்று விலகுவது. ஸ்பெக்யுலேஷன் (11): ஊகம், அல்லது விலை ஏறும் என்று நம்பிப் பணத்தைப் போடுவது. இதில் முதல் எழுத்தான எஸ்ஸை நீக்கினால் பெக்யுலேஷன் (10), அதாவது பொறுப்பில் ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்வது. இரண்டுக்கும் பிறப்பில் உறவில்லை. முன்னது 'பார்' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பின்னது சொத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் மூலம் கால்நடை. மாடு என்றாலே செல்வம் என்ற தமிழருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த சட்டம் 'அன்…ஏபிள்'. யூ, ஏ, இ மூன்றும் இங்கே தயாராக இருக்கின்றன. நடுவில் ஓவும் ஐயும் மட்டும் வேண்டும். அன்சோஷியபிள் (10): யாரோடும் சேராத. அன்ப்ராஃபிட்டபிள் (12): ஆதாயமில்லாத. அன்ஃபர்கிவபிள் (12): மன்னிக்கவே முடியாத. அன்காப்பிரைட்டபிள் (15): பதிப்புரிமை கோர முடியாத. ஒரு செய்தித் தகவலுக்கோ வெறும் எண்ணத்துக்கோ பதிப்புரிமை கிடையாதே, அந்தப் பொருளில். இந்தக் கடைசிச் சொல்லில் மெய்யெழுத்துகூட இரண்டாம் முறை வராது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

வழுக்கும் இடம் இங்கேயும் உண்டு. அன்அவாய்டபிளில் ஏ இரண்டு. அன்நோட்டிசபிளில் இ இரண்டு, ஏனென்றால் ஏவுக்கு முன்னால் சி மென்மையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக நோட்டிஸின் இ அப்படியே தங்கிவிடுகிறது. ஃபர்கிவ் என்பதில் அந்தத் தேவை இல்லாததால் இ விழுந்துவிடுகிறது.

பதில் – வரிசைப்பித்தன்

போட்டிக்குச் சுவை கூட்ட, ஏ-இ-ஐ-ஓ-யூ என்ற வரிசையிலேயே வரும் சொற்களை இறுதிச் சுற்றில் வையுங்கள். இங்கே 'ஐ-ஓ-யூ-எஸ்' என்ற வால்தான் வேலை செய்கிறது. முன்னால் ஏ, பிறகு இ வந்தால் ஆயிற்று.

ஃபஸீஷியஸ், 9 எழுத்து: எஃப்-ஏ-சி-இ-டி-ஐ-ஓ-யூ-எஸ். வெறும் 'நகைச்சுவையான' என்று பொருள் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கொடுக்க வேண்டும். விளையாட்டுக்கு இடமில்லாத நேரத்தில் விளையாட்டாகப் பேசுவதே ஃபஸீஷியஸ்.

அப்ஸ்டீமியஸ் (10): உண்பதிலும் குடிப்பதிலும் அளவோடு இருக்கிற. அடியோடு விடுவது அப்ஸ்டினன்ட், இது குறைத்துக்கொள்வது. ஆர்சீனியஸ் (9): இணைதிறன் மூன்று கொண்ட ஆர்சனிக் சேர்மங்களைக் குறிப்பது. வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சீனியஸ் ஆக்சைடுதான். சீசியஸ் (8, சி-ஏ-இ-எஸ்-ஐ-ஓ-யூ-எஸ்) என்றால் நீலமும் சாம்பலும் கலந்த பச்சை, தாவரவியல் விவரிப்புகளில் வரும்.

தலைகீழ் வரிசைக்கு சப்கான்டினென்டல் (14), அதாவது துணைக்கண்டம் சார்ந்த. அன்காம்ப்ளிமென்டரி (15) என்றால் பாராட்டாத, இழித்துச் சொல்கிற. இதை எழுதவைத்துப் பாருங்கள்: எல்லுக்குப் பின் ஐ போடாமல் இ போட்டால் அது 'நிரப்புகிற' என்ற வேறு சொல்லின் எதிர்மறையாகிவிடும், இயும் இரண்டாகிவிடும். பிள்ளைகள் இதில்தான் அதிகம் விழுவார்கள்.

பதில் – விரிதாள்

கையால் எண்ண வேண்டாம். எக்செல்லில் முதல் நெடுவரிசையில் சொற்களை ஒட்டி, அடுத்ததில் லோயர் சூத்திரத்தால் எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்குங்கள். இதைத் தவறவிட்டால் முதலெழுத்து பெரிதாக உள்ள சொற்களில் எண்ணிக்கை பிசகும், ஏனெனில் சப்ஸ்டிட்யூட் சூத்திரம் பெரிய ஏயையும் சிறிய ஏயையும் வேறாகவே பார்க்கும். பிறகு ஓர் உயிரெழுத்துக்கு ஒரு நெடுவரிசை: சொல்லின் லென் அளவிலிருந்து (லென் என்பது எழுத்துகளை எண்ணும் சூத்திரம்), அந்த எழுத்தை சப்ஸ்டிட்யூட் கொண்டு நீக்கிய சொல்லின் லென் அளவைக் கழியுங்கள். ஐந்து நெடுவரிசையிலும் 1 வந்தால் சொல் தேறியது. வரிசையும் பார்க்க வேண்டுமா? ஃபைண்ட் சூத்திரத்தால் ஐந்து எழுத்துகளின் இடங்களை எடுத்து, ஏறுமுகமா என்று பாருங்கள்.

இணையத்திலிருந்து ஒட்டினால் சொல்லின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வந்து நீளத்தை ஒன்று கூட்டிக் காட்டும். அது சாதாரண இடைவெளி இல்லையென்றால், இடைவெளி நீக்கும் ட்ரிம் சூத்திரம் அதை நீக்காது. அந்த இடைவெளியின் குறியெண்ணான சார் 160ஐ சப்ஸ்டிட்யூட் மூலம் எடுக்க வேண்டும்.

மாலைவகுப்பு

மிக்க நன்றி. ஒய்யை உயிரெழுத்தாக எடுக்கலாமா? பிஹேவியர் என்று ஒரு மாணவி எழுதினால் சரியா?

சொல்வேட்டை

பிஹேவியர் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் தேறும், அமெரிக்க முறையில் யூ இல்லாததால் தேறாது. ஃபேவரிட்டும் அப்படியே. மனூவரிங் பிரிட்டிஷ் முறையில் சரி. அமெரிக்க முறையில் ஓ காணாமல் போய் இ இரண்டாகிவிடும். எந்த அகராதி என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள், இல்லையென்றால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ஒய்யைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ஃபஸீஷியஸ்லி (11), அப்ஸ்டீமியஸ்லி (12) இரண்டும் ஆறு எழுத்தையும் வரிசையாகக் கொண்டவை. அவற்றைத் தனியாக போனஸ் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.